ஸ்பானிஷுக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் போகணுமா?



ஆண்டு மலர் என்றால் நேரத்தின் அருமை, மாணவர் சக்தி, மரம் வளர்ப்போம், இடையிடையே நாலு காதல் கவிதை என்று இருக்கும். அதற்கு நடுவில் ஒருவன் வந்து ஸ்பானிஷ் மொழியின் ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுதினால், "என்னடா இது, போர்டு எக்ஸாமை வச்சுக்கிட்டு?" என்றுதான் கேட்கத் தோன்றும். கேளுங்கள். ஆனால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்கு இதுதான். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் உலகத்து மொழி எதையாவது கற்க ஆசைப்பட்டால், முதலில் இங்கிலீஷ் என்கிற டோல்கேட்டில் காசு கட்டிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக முடியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நாமும் நம்புகிறோம். நான் ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்றபோது பெரியவர் ஒருவர் சொன்னது: "மொதல்ல இங்கிலீஷ்ல நாலு வாக்கியம் தப்பில்லாம பேசு, அப்புறம் ஸ்பெயினுக்குப் போகலாம்." எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தது நான்தான் முதல். அதனால் இந்த மாதிரி வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஆனால் ஸ்பானிஷ் விஷயத்தில் இது சரியான பேச்சே இல்லை என்பதுதான் என் கட்சி. இங்கிலீஷ் வழியாகப் போனால் சுற்றுவழி. தமிழிலிருந்து நேராகப் போனால் பக்கம்.

சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன்.

ஸ்பானிஷ் 20 நாடுகளின் மொழி. ஸ்பெயின், மெக்ஸிகோ, கியூபா, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா என்று போகும் பட்டியல், ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி வரை நீளும். தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் 45 கோடிக்கும் மேல். படித்தால் வேலை கிடைக்குமா என்றால், அதை நான் பேச வரவில்லை.

எந்த ஆரம்பப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பாடத்தில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். இடது பக்கம் நான், நீ, அவன் போன்ற சொற்கள். வலது பக்கம் வினை. பெரும்பாலும் 'ஆப்லார்' என்ற வினைதான் இருக்கும். பேசுதல் என்று அர்த்தம். (எழுதும்போது முன்னால் ஒரு ஹ வரும், வாயில் வராது. அதை மறந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் ப, 'கோபம்' என்பதில் வருகிற மெல்லிய ப.) கட்டம் இப்படி ஓடும்: யோ ஆப்லோ, நான் பேசுகிறேன். தூ ஆப்லாஸ், நீ பேசுகிறாய். எல் ஆப்லா, அவன் பேசுகிறான். நொசோத்ரோஸ் ஆப்லாமோஸ், நாங்கள் பேசுகிறோம். வொசோத்ரோஸ் ஆப்லாய்ஸ், நீங்கள் பேசுகிறீர்கள். எயோஸ் ஆப்லான், அவர்கள் பேசுகிறார்கள். இந்தக் கடைசி 'ஆப்லான்' ஆன் என்று முடிகிறதே, ஆண்பாலோ என்று நம் ஆள் ஏமாறுவான். இல்லை, பலர்பால்!

இங்கிலீஷ்காரனுக்கு இந்தக் கட்டம் தலைவலி. அவன் மொழியில் ஐ, யூ, வீ, தே எது வந்தாலும் 'ஸ்பீக்'தான். மூன்றாம் ஆள் ஒருமைக்கு மட்டும் ஒரு 'ஸ்' ஒட்டும். ஆறு இடத்துக்கு ஆறு வால் என்றால் அவனுக்கு மலைப்பாகத்தான் இருக்கும். அதனால் அவனுக்காக எழுதிய புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கும், பயமுறுத்தும், பயிற்சி கொடுக்கும். அந்தப் புத்தகத்தை நாம் வாங்கிப் படித்து அவன் பயத்தையும் சேர்த்து வாங்கிக் கொள்கிறோம். நமக்கு ஏன் பயம்? ஏன், ஆய், ஆன், ஆள், ஆர், ஓம், ஈர்கள், ஆர்கள் என்று எட்டு வாலோடு பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோமே! வாசலில் காய்கறி விற்கும் அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த வாலை மாட்டிக் கழற்றுகிறார். யாரும் அவருக்குக் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். அந்தக் கட்டத்தின் இடது பக்கத்தை ஸ்பானிஷ்காரர்கள் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வெறும் 'ஆப்லோ' போதும். ஓ என்று முடிந்துவிட்டால் பேசுகிறவன் நான்தான் என்று தெரிந்துவிடுகிறது. 'ஆப்லாமோஸ்' என்றால் மோஸ் என்பதிலேயே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். "நேத்து எங்க போன?" "சினிமாவுக்குப் போனேன்." இதில் நானும் இல்லை, நீயும் இல்லை, ஆனால் யாருக்காவது குழப்பம் வந்ததா? இதற்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தோன்றா எழுவாய்! ஸ்பானிஷ் இலக்கணத்திலும் இதற்குத் தனிப்பெயர் உண்டு. 'சுஹேத்தோ தாசித்தோ' என்பார்கள். பேசாமல் இருக்கும் எழுவாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெயர்கூட ஒத்துப்போகிறது. இங்கிலீஷில் படித்தால் இதை ஒரு அதிசயம் போலத் தனிப்பாடமாக வைப்பார்கள்.

வைத்தாலும் பழக்கம் போகாது. இங்கிலீஷ் வழியாக வருகிறவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஐ' என்று ஆரம்பித்துப் பழகியதால், ஸ்பானிஷிலும் "யோ ஆப்லோ, யோ கோமோ, யோ விவோ" என்று அடுக்குவான். கோமோ என்றால் சாப்பிடுகிறேன், விவோ என்றால் வாழ்கிறேன். கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா? "நான்தான் பேசுறேன், நான்தான் சாப்பிடுறேன், நான்தான் வாழ்றேன்" என்று மேடையில் மார்தட்டுவது போல இருக்கும். 'யோ' வேண்டிய இடம் வேறு. "நீ பேசலை, நான் பேசுறேன்" என்று எதிர்த்துச் சொல்லும்போது வேண்டும். "யார் பேசுறது?" என்று கேட்டால் வேண்டும். இதெல்லாம் நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் என்று ஒன்று படித்தோம். ரெண்டு மார்க். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். "இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்காதவன் நம் வகுப்பில் ஒருவன் உண்டா? எடுத்து இங்கே வையுங்கள். பேசுகிறோம் என்றால் பேசு பகுதி, கிறு இடைநிலை, ஓம் விகுதி. ஸ்பானிஷில் 'ஆப்லாபாமோஸ்' என்று ஒரு சொல். முன்பெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம் என்ற அர்த்தம். உடைத்துப் பாருங்கள்: ஆப்ல் பகுதி, ஆபா காலம் காட்டும் இடைநிலை, மோஸ் விகுதி. முதலில் செயல், நடுவில் காலம், கடைசியில் ஆள். அதே வரிசை! எல்லாக் காலத்துக்கும் இப்படிச் சுத்தமாக உடையாது என்பது உண்மை. ஆனாலும் நீ என்றால் பெரும்பாலும் கடைசியில் ஸ், நாங்கள் என்றால் மோஸ், அவர்கள் என்றால் ன் என்று அடையாளம் காட்டிக்கொண்டே வரும். லேத்தில் ஒரே சக்கில் வேறு வேறு ஜாப் மாட்டுகிற மாதிரிதான். சக் மாறுவதில்லை.

இந்த நான், நீ சொற்களைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும். யோ என்றால் நான், நம்மூர் "யோவ்" அல்ல. தூ என்றால் நீ. இதை நம்மூரில் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் அடி விழும்! இங்கிலீஷ் பாடத்தில் பழகியவர்கள் இதையே 'டூ' என்கிறார்கள். ஸ்பானிஷில் வருவது பல்லைத் தொடுகிற அச்சு அசல் நம்ம த. நாங்கள் என்பதற்கு ஆண்கள் 'நொசோத்ரோஸ்' என்பார்கள், பெண்கள் மட்டும் கூடிப் பேசினால் 'நொசோத்ராஸ்'. பத்துப் பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பையன் நின்றாலும் இலக்கணப்படி 'நொசோத்ரோஸ்' ஆகிவிட வேண்டும். இந்த அநியாயத்தை நம் சங்கத்துச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். ஸ்பானிஷ் பேசும் பெண்களும் இந்த மாதிரி வழக்கத்தைக் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் நாம், நாங்கள் என்று நாம் பிரிக்கிற பிரிவு அங்கே கிடையாது. உன்னையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பது அவர்களுக்குச் சொல்லில் தெரியாது. அந்த விஷயத்தில் நாம்தான் பணக்காரர்கள்.

இப்போது என் மனசுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். ஸ்பானிஷில் நீ உண்டு, மரியாதைக்கு நீங்கள் உண்டு. தூ, உஸ்தேத். இங்கிலீஷ் புத்தகம் இதை எப்படிச் சொல்கிறது? ஒன்று இன்ஃபார்மல், இன்னொன்று ஃபார்மல். ஏதோ சட்டையை இன் பண்ணுவது, பண்ணாமல் விடுவது மாதிரி! அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது அவர்கள் மொழியில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான். எங்கள் அப்பா மூட்டை தூக்குகிற தொழிலாளி. ஐம்பது வயது தாண்டிய அவரை, என்னைவிடச் சின்னப் பையன்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு "ஏய், இதை எடுத்து வை. நீ நாளைக்கு வா" என்பார்கள். அவர் அவர்களைச் "சொல்லுங்க தம்பி" என்பார். நீ, நீங்கள் என்பது சட்டையை இன் பண்ணுகிற விஷயமா? யார் யாரை எங்கே நிறுத்துகிறார்கள் என்கிற விஷயம். இது தெரிந்த வீட்டுப்பிள்ளைக்கு உஸ்தேத் என்றால் என்ன என்று ஒரு நிமிஷத்தில் புரியும்.

அந்தச் சொல்லின் பிறப்பைக் கேளுங்கள். பழைய காலத்தில் 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்று பெரிய மனிதர்களை அழைத்தார்கள். தங்கள் கருணை, தங்கள் பெருந்தன்மை என்கிற மாதிரி. அது வாயில் தேய்ந்து தேய்ந்து உஸ்தேத் ஆனது. எதிரே நிற்பவரை நேராகச் சொல்லாமல் அவருடைய கருணையைச் சொல்கிறார்களே, அதனால் வினையும் 'அவர்' வினையாகத்தான் வரும். தூ ஆப்லாஸ், ஆனால் உஸ்தேத் ஆப்லா. இங்கிலீஷ் வழி மாணவன் தலையைச் சொறிவான், முன்னால் நிற்பவரிடம் பேசும்போது எப்படி 'அவர் பேசுகிறார்' வரும் என்று. நம் ஊரில் "ஐயா எங்க கிளம்பிட்டாரு?" என்று அந்த ஐயாவிடமே கேட்கிறோம் இல்லையா? அதேதான்.

ஊருக்கு ஊர் வேறு கூத்து. ஸ்பெயினில் இப்போது கடைக்காரர், வாத்தியார் என்று பல இடங்களில் சாதாரணமாகத் தூ போட்டுவிடுகிறார்கள். கொலம்பியாவின் பொகொத்தா நகரில் நண்பர்களும் அண்ணன் தம்பிகளும்கூட உஸ்தேத் என்று பேசிக்கொள்வது உண்டு. அங்கே பக்கத்தில் பொயாக்கா பகுதியில் 'சு மெர்செத்' என்கிற பழைய மரியாதைச் சொல் 'சுமெர்சே' என்று சுருங்கிப் பாசத்தோடு இன்னும் புழங்குகிறது. அர்ஜென்டினாவில் தூ கிடையாது, 'வோஸ்'. வினையின் அழுத்தமும் கடைசி அசைக்குத் தள்ளிப் போகும். நம் பையன்கள் பனியனில் போட்டுக்கொள்ளும் சே குவேரா 1928-இல் பிறந்தது அந்த நாட்டில்தான். அவருடைய உண்மைப் பெயர் எர்னெஸ்தோ. 'சே' என்பது அர்ஜென்டினாக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் "ஏய், டேய், இங்க பாரு". அதை அவர் அடிக்கடி சொன்னதால் கியூபா நண்பர்கள் அவருக்கு அதையே பெயராக்கிவிட்டார்கள். உலகப் புரட்சியாளரின் பெயர் ஒரு 'டேய்'!

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பார்சலோனா நகரம் தொழிலாளர் கையில் வந்தது. அப்போது அங்கே உஸ்தேத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் எல்லோரையும் தோழர் என்றும் தூ என்றும் கூப்பிட்டதாக, அங்கே போய்ப் போரிட்ட ஜார்ஜ் ஆர்வெல் 1938-இல் வந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஓட்டலில் பரிமாறுகிறவரும் முதலாளியும் ஒரே தூ. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. எல்லோரையும் நீ என்பதைவிட, பொகொத்தாக்காரர்கள் மாதிரி மூட்டை தூக்குகிறவர் உட்பட எல்லோரையும் நீங்க என்பது எங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு நீ நிறையக் கிடைத்துவிட்டது.

தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அவன், அவள், அது என்று நம் விகுதியிலேயே தெரியும். ஸ்பானிஷில் மூன்றுக்கும், மரியாதை நீங்களுக்கும் சேர்த்து ஒரே ஆப்லாதான். அங்கே சந்தேகம் வந்தால் எல், எயா, உஸ்தேத் என்று வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். கியூபா, டொமினிக்கன் குடியரசு போன்ற கரீபியன் பகுதிகளில் கடைசி 'ஸ்'-ஐ விழுங்கிவிடுவார்கள். ஆப்லாஸும் ஆப்லாவும் காதுக்கு ஒன்றாகிவிடும். அந்தப் பக்கம் தூ, யோ எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். இன்னொரு இடம் இல்லை என்று சொல்வது. அவர்களுக்கு முன்னால் ஒரு 'நோ' போட்டால் முடிந்தது: நோ ஆப்லோ, நோ ஆப்லாமோஸ். வால் அப்படியே இருக்கும். நம் பேச்சில் "நான் பேசலை, நாங்க பேசலை" என்று வால் காணாமல் போய்விடுகிறது. பழைய தமிழில் பேசேன், பேசோம் என்று இருந்ததை நாம் விட்டுவிட்டோம்.

"அப்ப இங்கிலீஷே வேண்டாங்கிறியா?" என்று கேட்பார்கள். வேண்டும், எப்படி வேண்டாமல் போகும்? நம் பாடப்புத்தகம், மெஷின் மேனுவல், இன்டர்வியூ எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை அதற்காகப் படிப்போம். ஆனால் மற்ற மொழிக்கெல்லாம் அதுதான் வாட்ச்மேன் என்று யார் நியமித்தது? 16-ஆம் நூற்றாண்டில் என்ரீக்கே என்ரீக்கெஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம் மக்களோடு இருந்து தமிழ் படித்து, தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578-இல் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புத்தகம் கொல்லத்தில் அச்சானது. போர்ச்சுகீசியம் ஸ்பானிஷின் உடன்பிறந்த மொழி. அந்தப் பேச்சுவார்த்தையில் இங்கிலீஷ் எங்கே இருந்தது? வாசலில்கூட இல்லை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை எல்லாம் அந்தக் கடல்வழியாக நம் வீட்டுக்கு வந்தவை. மேசை ஸ்பானிஷிலும் மேசாதான், அலமாரி அர்மாரியோ, துவாலை தோவாயா. எந்த டோல்கேட்டும் இல்லாமல் அன்றைக்கு மீனவர் வீட்டுக்கு வந்த மொழிக்கு இன்றைக்கு மட்டும் எதற்கு டோல்?

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். லைப்ரரியில் இருக்கும் வெளிநாட்டு மொழிப் புத்தகங்கள், நான் பார்த்தவரை, எல்லாமே இங்கிலீஷ் வழிதான். மாலையில் சங்க அறை சும்மாதான் கிடக்கிறது, ஒரு கரும்பலகையும் இருக்கிறது. வாரம் ஒருநாள் நாலு பேர் உட்கார்ந்தால் நேரே தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒரு நோட்டு எழுதிவிடலாம். வொசோத்ரோஸ் ஸ்பெயினுக்கு மட்டும்தான் தேவைப்படும். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் நாடுகளில் நீங்கள் எல்லோரும் என்றால் 'உஸ்தேதேஸ் ஆப்லான்'. ஆக ஆரம்பத்துக்கு ஐந்து வால் போதும். ஓ, ஆஸ், ஆ, ஆமோஸ், ஆன். 'கோமேர்' என்கிற சாப்பிடும் வினைக்குக் கோமோ மாறாது, மற்றதில் ஆ போய் ஏ வரும்: கோமேஸ், கோமே, கோமேமோஸ், கோமேன்.

ஒரு வினை மட்டும் அடங்காது. 'ஸேர்'. ஆக இருத்தல். ஸோய், ஏரேஸ், எஸ், ஸோமோஸ், ஸோன். எதுவும் எதோடும் ஒட்டாது. மனப்பாடம்தான், வேறு வழியில்லை. 'ஸோய் எஸ்துதியாந்தே' என்றால் நான் மாணவன். ரெண்டே சொல். நமக்கும் ரெண்டு. இங்கிலீஷில் அதற்கு நாலு சொல் வேண்டும், நடுவில் ஒரு 'ஏ' வேறு. அடங்காத வினை என்று பயந்தால், 'வா' எப்படி 'வந்தான்' ஆயிற்று என்று தமிழ் பரீட்சையில் எழுதினோமே, 'வ' எனக் குறுகியது விகாரம், 'ந்' ஆனது விகாரம் என்று, அந்தப் பழைய நோட்டைக் கொண்டு வாருங்கள். கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம்.